தத்து என்ற சொல்லும் ஒரு பழைய கோப்பும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. காரைக்குடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு கிராமத்துக்காரர்கள். ஒருவர் இங்கே இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஒருவர் திருப்பூரில் இருக்கிறார். இன்னொருவர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்தவர். நான்காமவர் ஊரிலேயே விவசாயம் பார்க்கிறார்.

"ஐயா, நீங்க கல்வி ஆபீசுல இருந்தவங்கன்னு சொன்னாங்க. நாங்க படிச்ச பள்ளிக்கூடத்தைத் தத்தெடுக்கலாம்னு இருக்கோம். அதுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணும்" என்றார் கடைக்காரர்.

எந்தப் பள்ளி என்று கேட்டேன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. அந்தப் பள்ளியின் கோப்பு ஒன்று நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என் மேசைக்கு வந்திருக்கிறது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டு அவர்களை அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு நாளில் யோசித்ததும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டியதும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தச் சொல். 2025-ஆம் ஆண்டு பிறந்ததும், தனியார் பள்ளிகள் சேர்ந்து ஐந்நூறு அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப் போகின்றன என்று ஒரு செய்தி வந்து பெரிய சர்ச்சையானது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அரசுப் பள்ளிகளைத் தாரை வார்க்கிறார்கள் என்று ஒரு பக்கம் கண்டனம் எழுந்தது. தத்து என்ற சொல்லையே யாரும் பயன்படுத்தவில்லை, இது உதவி மட்டும்தான் என்று கல்வி அமைச்சர் மறுபக்கம் விளக்கம் தந்தார். ஒரு சொல்லுக்காக இவ்வளவு சண்டையா என்று சிலர் கேட்டார்கள். செட்டிநாட்டில் இருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இங்கே பிள்ளை கூட்டுவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை கூட்டி வந்தால் அந்தப் பிள்ளை பெற்ற வீட்டை விட்டு வந்த வீட்டுக்குச் சொந்தமாகிவிடும். சொத்தும் கொள்ளி வைக்கும் உரிமையும் அதோடு போகும். தத்து என்பது உரிமை கைமாறுகிற காரியம். உதவி அப்படியல்ல. உதவி செய்கிற சித்தப்பா சித்தப்பாவாகவே இருப்பார்.

நலிந்த அரசுப் பள்ளியைத் தூக்கி நிறுத்த வெளியாரைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் எந்த அளவுக்கு என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நமக்கு இதில் எழுபது வருஷ அனுபவம் இருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் நான் கண்டது

நான் காரைக்காலில் பிறந்தவன், 1951-இல். 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டில்தான் முடிந்தது. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அப்பா என்னை அதில்தான் சேர்த்தார். காலையில் டிக்தே, மாலையில் கணக்கு. டிக்தேயில் ஐந்து பிழை விழுந்தால் சுழி. முசியே கையில் பிரம்பு இருந்தாலும் அதைவிடச் சிவப்பு மைக்குத்தான் எங்களுக்குப் பயம்.

அந்தப் பள்ளியில் பெஞ்சு, மைக்கூடு, சுவரில் தொங்கிய தேசப்படம் எல்லாமே சர்க்கார் கொடுத்தவை. ஊரார் யாரும் எதையும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. 1881, 1882-ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்களின்படி பிரான்சில் தொடக்கக் கல்வி இலவசம், கட்டாயம், மதச்சார்பற்றது. அரசின் பள்ளிக்குள் வேறு யாருக்கும் அதிகாரம் கிடையாது. இந்த எண்ணம் எங்கள் ஆசிரியர்களின் ரத்தத்தில் ஊறியிருந்தது. எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அதே பிரான்சில் இன்னொன்றும் இருந்தது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். அதற்குக் 'கேஸ் தெ எகோல்' என்று பெயர். பள்ளி நிதிப்பெட்டி என்று சொல்லலாம். 1867-இல் விக்தோர் துருயி அமைச்சராக இருந்தபோது, விருப்பமுள்ள ஊர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. 1882-இல் ஒவ்வொரு ஊரும் வைத்தே ஆகவேண்டும் என்று ஆனது. ஊர்க்காரர்கள் சந்தாவும் நன்கொடையும் போடுவார்கள். நகராட்சியும் போடும். ஏழைப் பிள்ளைக்குச் சப்பாத்து, உடுப்பு, புத்தகம், மதியச் சாப்பாடு எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து போகும். சட்டம் போட்டுப் பள்ளியைக் கட்டாயமாக்கியவர்களுக்கும் காலில் சப்பாத்தில்லாத பிள்ளை பனிக்காலத்தில் வராது என்று தெரிந்திருந்தது. பாடமும் ஆசிரியரும் அரசின் கையில், பிள்ளையின் வயிறும் காலும் ஊரின் கையில் என்று ஒரு கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.

மகமை

1968-இல் அப்பா காலமானார். அம்மா எங்களை அழைத்துக்கொண்டு காரைக்குடிக்கு வந்துவிட்டார். தாய்மாமன் இங்கே ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. என் கையில் இருந்த பிரெஞ்சுச் சான்றிதழை இங்கே யாருக்கும் காட்டிப் புரியவைக்க முடியவில்லை. தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதித் தேறி, 1974-இல் கல்வித்துறை அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது சிவகங்கை மாவட்டம் கிடையாது. இராமநாதபுரம் மாவட்டம்தான்.

மாமா காட்டிய பேரேடுகளில்தான் மகமை என்ற சொல்லை முதலில் பார்த்தேன். வியாபாரத்தில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் ஒரு சிறு பகுதியைக் கோயிலுக்கும் தருமத்துக்கும் என்று தனித் தலைப்பில் எடுத்து வைப்பார்கள். லாபம் வந்தால் கொடுப்போம் என்பது நன்கொடை. மகமை கணக்கு எழுதும்போதே கழிந்துவிடும். இந்த வட்டாரத்தில் கோயில் திருப்பணிகளும் ஊருணிகளும் பாடசாலைகளும் இப்படித்தான் எழுந்தன.

வள்ளல் அழகப்பரை எடுத்துக்கொள்வோம். 1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா நடந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வரவேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. அழகப்பர் 1957 ஏப்ரலில் மறைந்தபோது அவருக்கு 47 வயது. அவர் தொடங்கிய கலைக்கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இன்று அரசுக் கல்லூரிகள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கொடுத்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வருஷா வருஷம் சம்பளம் போட ஒரு நிலையான கை வேண்டும். பர்மாவின் கதையும் அதையே சொல்கிறது. 1930-களின் கடைசியில் கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். 1948-இல் பர்மா விடுதலை அடைந்ததும் நில நாட்டுடைமை வந்தது. கொண்டுவிற்றவர்கள் கால்நடையாகத் திரும்பினார்கள். பர்மா வருமானத்தை நம்பி நின்ற தருமங்கள் பல தடுமாறிப் போயின. மனசு மாறியதால் அல்ல, ஊற்று வற்றியதால். வெளியார் உதவியில் உள்ள முதல் ஆபத்து இதுதான். கெட்ட எண்ணத்தைவிடக் கெட்ட காலம்தான் அதிகம் படுத்தும்.

நெ.து.சு.வின் பட்டியல்

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். பள்ளிகள் தொடங்க வேண்டும், ஆனால் கஜானாவில் பணம் குறைவு. பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். இவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலையை எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் 'மாநாட்டுக் காலம்' என்றே சொல்வார்கள்.

முதலில் மதிய உணவு. 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கியது. ஆரம்பத்தில் முழுக்க ஊரார் கொடுத்த அரிசியும் பருப்பும் விறகும்தான். பிறகு அரசு உள்ளே வந்தது. புதுக்காசு வந்த பின் ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு. ஆறு காசு அரசு, மீதி நாலு காசு உள்ளூர்ப் பொறுப்பு. இப்படித்தான் முதலில் ஒரு கூட்டணி உருவானது.

அடுத்தது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. 1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் மாநாடு. பிறகு மாநிலம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள். முறை மிக எளிமையானது. அந்த வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் எடுப்பார்கள். கரும்பலகை, கடிகாரம், மணி, தண்ணீர்ப் பானை, நாற்காலி, உலக உருண்டை, பிள்ளைகளுக்குச் சீருடை, சுற்றுச்சுவர், கூடுதல் அறை, விளையாட்டுத்திடலுக்கு நிலம். பட்டியலை ஊர்க்கூட்டத்தில் வைப்பார்கள். யார் எதைக் கொடுப்பது என்று ஊரே பங்கு பிரித்துக்கொள்ளும். பிறகு மாநாடு. கொடுத்தவர்களை மேடையில் பாராட்டுவார்கள். பல மாநாடுகளுக்குக் காமராசரே வந்தார். 1964-66-இல் வேலை செய்த கோத்தாரி கல்விக்குழுவின் அறிக்கையிலும் சென்னை மாநிலத்தின் இந்த இயக்கம் பேசப்பட்டது.

நான் வேலையில் சேர்ந்தபோது இதெல்லாம் பழங்கதையாகிவிட்டது. ஆனால் ஆண்டாய்வுக்கு அதிகாரியோடு போகும்போது இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பது என் வேலை. அதில் 1959, 1960 என்று தேதியிட்ட பக்கங்கள் வரும். பொருளின் பெயர், எண்ணிக்கை, பெறப்பட்ட விதம் என்று கட்டங்கள் இருக்கும். பெறப்பட்ட விதம் என்ற கட்டத்தில் 'நன்கொடை' என்று எழுதிக் கொடுத்தவர் பெயர் இருக்கும். ஒரு பள்ளியில் சுவர்க்கடிகாரம் கொடுத்தவர் ஒரு செட்டியார். அதற்கு அடுத்த வரியில் இரண்டு மண்பானை கொடுத்தவர் ஊர்க் குயவர். அதற்கும் அடுத்த வரியில், 'மணல் ஒரு வண்டி, கூலி இல்லாமல்' என்று ஒரு வண்டிக்காரர் பெயர். மூன்றும் ஒரே கையெழுத்தில், ஒரே அளவு எழுத்தில். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்தப் பக்கம் புதிய பாடம். அந்தக் குயவர் வீட்டுப் பிள்ளை பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கும்போது பள்ளியைச் சர்க்கார் பள்ளி என்று நினைத்திருக்காது. எங்கள் பள்ளி என்றுதான் நினைத்திருக்கும்.

இந்த இயக்கத்தின் நல்ல குணம் ஒன்றைச் சொல்லவேண்டும். பட்டியலை எழுதியது பள்ளி. கொடுத்தது ஊர். ஆசிரியரை நியமிப்பதோ பாடத்தை மாற்றுவதோ பட்டியலில் கிடையவே கிடையாது.

குறையையும் சொல்லவேண்டும். வசதியுள்ள ஊர்ப் பள்ளிக்குக் கடிகாரமும் கட்டடமும் வந்தன. மானாவாரிக் காட்டில் கூலி வேலை செய்யும் ஊருக்கு இரண்டு பானைதான் வந்தது. எங்கள் பகுதியிலேயே இந்த வித்தியாசத்தைப் பதிவேட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊராரை மட்டும் நம்பினால் இருக்கிற ஊர்ப் பள்ளி நன்றாகும், இல்லாத ஊர்ப் பள்ளி அப்படியே கிடக்கும். பிரான்சில் 1981-இல் அலென் சவாரி என்ற கல்வி அமைச்சர் இதற்கு ஒரு வழி கண்டார். பின்தங்கிய பகுதிகளை முன்னுரிமைக் கல்வி மண்டலம் என்று அறிவித்து, குறைவாக இருப்பவர்களுக்கு அதிகமாகக் கொடுப்பது என்பதை அரசுக் கொள்கையாகவே வைத்தார். ஊர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஊரால் முடியாத இடத்தில் அரசு இரண்டு மடங்கு கொடுக்கவேண்டும். இந்த இரண்டாவது பாதியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

வந்தவர்கள் போனார்கள், சோறு நின்றது

1961-இல் மதிய உணவுக்குக் கேர் என்ற அமெரிக்க அமைப்பு உதவ வந்தது. மக்காச்சோள மாவு, பால் பவுடர், எண்ணெய். அறுபதுகளில் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கும். நம் பிள்ளைகள் சாப்பிடுகிற தானியம் இல்லைதான். ஆனாலும் ஊரார் அரிசி குறைந்த பள்ளிகளில் சமையல் நிற்காமல் நடந்ததற்கு அதுவும் காரணம். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அரசு அதைத் தன் சொந்தக் கடமையாக்கிக்கொண்டது. ஊரார் பிடி அரிசி, பிறகு வெளிநாட்டு மாவு, பிறகு அரசின் அரிசி.

காலை உணவிலும் இதேதான் நடந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ஓர் அறக்கட்டளை காலை உணவு கொடுக்க வந்தது. வெங்காயமும் பூண்டும் இல்லாத சாப்பாடு என்பதால் பெரிய விவாதம் எழுந்தது. பிள்ளை என்ன சாப்பிடுவது என்பதைக் கொடுப்பவரின் நம்பிக்கை முடிவு செய்யலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இன்று அந்தச் சாப்பாடு எப்படி இருக்கவேண்டும் என்று யாரும் அரசைத்தான் கேட்க முடியும்.

பாடமுறையிலும் ஓர் உதாரணம் உண்டு. ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி என்ற இடம். அங்குள்ள கிராமக் கல்வி மையம், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தும் சின்னப் பள்ளிகளுக்காக அட்டைகளால் ஆன ஒரு முறையை உருவாக்கியது. பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வோர் அட்டையாகப் படிக்கட்டு ஏறுவதுபோல் போகலாம். 2003-இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்க்கவைத்து, மாநகராட்சிப் பள்ளிகளில் அதை நடைமுறைப்படுத்தினார்கள். அட்டைகளை நம் ஆசிரியர்களே தமிழில், நம் பாடத்துக்கேற்ப எழுதினார்கள். 2007-08-இல் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் போனது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றிரண்டு வருஷத்துக்கு முந்தைய காலம் அது. பள்ளிக்குப் போனால் பெஞ்சு இல்லாமல் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அதிகாரி உள்ளே போனால் எழுந்து நிற்கக்கூட மறந்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். முதலில் சென்னையில் பார்த்துப் பழகிய ஆசிரியரின் ஈடுபாடு, உத்தரவு வந்ததால் செய்த ஆசிரியரிடம் இருக்கவில்லை. ஒரு நல்ல முறையைச் சில பள்ளிகளிலிருந்து எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோகும்போது கட்டளை மட்டும் வேகமாகப் போகும். புரிதல் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் வெளியிலிருந்து கற்றுக்கொள்வதற்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். ரிஷிவேலிக்காரர்கள் நம் பள்ளியை நடத்த வரவில்லை. நம்மவர்கள் போய்க் கற்று வந்தார்கள்.

எதிர்ப்பக்கமும் உலகத்தில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு அகாடமி என்ற திட்டம் வந்தது. தேர்ச்சி குறைந்த அரசுப் பள்ளிக்கு இருபது லட்சம் பவுண்டு கொடுக்கும் புரவலர், அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை இடம் பெறுவார். செலவின் பெரும்பங்கு அரசுடையதுதான். பிற்பாடு அந்தப் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை என்றுகூட ஆயிற்று. நிர்வாகம் மட்டும் புரவலர் கையில் நின்றது. சில பள்ளிகள் மேம்பட்டன என்றும் சில மேம்படவில்லை என்றும் அங்கே இன்றும் வாதம் நடக்கிறது. நம் ஊர்ப் பாஷையில் அதற்குப் பிள்ளை கூட்டுவது என்று பெயர்.

அந்தக் கோப்பு

இப்போது என் கதை. 1980-ஆம் ஆண்டு என்று நினைவு. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. இரண்டு வகுப்பறைக்கு ஓடு சரிந்து, மழைக்காலத்தில் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கும் கோயில் மண்டபத்துக்கும் மாறி மாறி ஓடுவார்கள். அந்த ஊரைச் சேர்ந்த, மலேசியாவில் தொழில் செய்த ஒரு குடும்பத்தினர் மனு கொடுத்தார்கள். நான்கு அறை கொண்ட கட்டடம் தங்கள் செலவில் கட்டித் தருகிறோம். இரண்டு நிபந்தனை. ஒன்று, தங்கள் தகப்பனார் பெயரைக் கட்டடத்துக்கு வைக்கவேண்டும். இரண்டு, ஓர் ஆசிரியர் பணியிடத்துக்குத் தாங்கள் சொல்பவரைப் போடவேண்டும்.

கோப்பு என் பிரிவுக்கு வந்தது. ஆசிரியர் நியமனத்தில் வெளியார் தலையிடுவது என்றதுமே எனக்குள் இருந்த பிரெஞ்சுப் பள்ளிக்காரன் எழுந்துவிட்டான். 'மனுதாரரின் நிபந்தனைகளுக்கு விதிகளில் இடமில்லை. மனுவை நிராகரிக்கலாம்' என்று குறிப்பு எழுதினேன். இரண்டு வரி. கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் இட்டார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். கோப்பு முடிந்தது. அன்று எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அந்தக் குடும்பம் மறுபடி வரவில்லை. சில வருஷம் கழித்து அதே பணத்தில் ஊர் எல்லையில் ஓர் ஆங்கிலவழி நர்சரிப் பள்ளி எழுந்தது. கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே போனார்கள். ஒன்றியப் பள்ளிக்குக் கட்டடம் வர ஆறு வருஷம் ஆனது. அதற்குள் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் பாதியாகிவிட்டன. அந்த ஆறு வருஷமும் மண்டபத்தில் உட்கார்ந்து படித்தவர்களில் இருவர்தான் போன மாதம் என் வீட்டுக்கு வந்த நால்வரில் இருந்தார்கள். அவர்களுக்கு என் குறிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் இரண்டாம் நாள் அவர்களிடம் சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். விவசாயம் பார்ப்பவர் சிரிக்கவில்லை. "மழையில ரொம்பக் கஷ்டப்பட்டோம் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது நிபந்தனையை மறுத்தது சரி என்று இன்றும் சொல்வேன். ஆசிரியரைக் காசு கொடுத்தவர் நியமித்தால் அந்த ஆசிரியர் யாருக்குப் பதில் சொல்வார்? தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்த 1973-இல் சட்டமே வந்த காலம் அது. நிர்வாகிகளிடம் ஆசிரியர்கள் பட்ட பாடு எங்கள் அலுவலகத்துக்கு மனுக்களாக வந்து குவிந்து கிடந்தது. ஆனால் முதல் நிபந்தனையில் என்ன கெடுதல்? 'பெயர் வைக்கலாம், நியமனம் இயலாது, மறுபரிசீலனை செய்து தெரிவிக்கவும்' என்று ஒரு பதில் கடிதத்துக்கு வரைவு எழுதியிருக்கலாம். அப்படி எழுத எந்த விதியும் தடுக்கவில்லை. கால் மணி நேர வேலை. நான் வெளியாரை ஒரே மொத்தமாகப் பார்த்தேன். அவர்கள் தருவதில் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று பிரித்துப் பார்க்கவில்லை. நெ.து.சு. இருபது வருஷத்துக்கு முன்பே பிரித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பதிவேடுகளை வருஷா வருஷம் சரிபார்த்த எனக்கே அது தோன்றவில்லை.

எழுதிக் கொடுத்த கடிதம்

இன்று அந்தப் பள்ளியில் 41 பிள்ளைகள். தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். நால்வரும் வளைவு கட்டலாம், ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்று வைத்திருந்த திட்டத்தைச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கழிப்பறைக்குத் தண்ணி வரலைங்க ஐயா. மோட்டார் போய் ஒரு வருஷமாச்சு. பெரிய பெண் பிள்ளைங்க மத்தியானத்தோட வீட்டுக்குப் போயிடுறாங்க" என்றார். பட்டியலைப் பள்ளிதான் எழுதவேண்டும் என்று அந்தக் காலத்தில் ஏன் வைத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் சாரம் இதுதான். தத்து என்ற சொல்லை அடித்துவிட்டு உறுதுணை என்று போட்டேன். தேவைப் பட்டியலைத் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் தருவார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கொடுக்கும் பொருள் எதுவானாலும் அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏறவேண்டும். ஏறியபின் அது பள்ளியின் சொத்து. ஆசிரியர் நியமனத்திலும் பாடத்திலும் சங்கத்துக்குப் பேச்சில்லை. கொடுத்தவர் பெயரை வைக்கலாம்; எழுத்தின் அளவு எல்லோருக்கும் ஒன்று.

ஒன்றில் மட்டும் வாக்குவாதம் வந்தது. சிங்கப்பூர்க்காரர், ஆங்கிலம் பேசச் சொல்லித்தர ஒரு பெண்ணைத் தங்கள் சம்பளத்தில் போடலாம் என்றார். பள்ளி நேரம் முடிந்த பிறகு, தலைமையாசிரியர் சம்மதித்தால் வையுங்கள் என்றேன். ஆனால் ஒரு வருஷச் சம்பளத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும். நாலாவது மாதம் உங்கள் வியாபாரம் படுத்தால் அந்தப் பெண்ணும் போய்விடும், பிள்ளைகளுக்குப் பாதிப் பாடமும் போய்விடும். அவருக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு பர்மாவை இழந்த தன் தாத்தாவின் கதையை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கடைசி வரியாக, கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியே வைப்பது என்று எழுதினேன். மோட்டார் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. மோட்டார் பழுதானால் வந்து நிற்பவர்கள் குறைவு. அந்தத் தொகைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கடைக்காரர் கேட்டார். மகமை என்று போடுங்கள் என்றேன்.

பத்து நாளைக்கு முன் தலைமையாசிரியர் தொலைபேசியில் பேசினார். மோட்டார் பொருத்தியாகிவிட்டது, இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது, பெறப்பட்ட விதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். நன்கொடை என்று எழுதி நான்கு பெயரையும் எழுதுங்கள் அம்மா என்றேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் 1958 முதல் 1963 வரையிலான இருப்புப் பதிவேடு ஏதும் கரையான் அரிக்காமல் மிஞ்சியிருந்தால், அந்தக் கட்டத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். உங்கள் பாட்டனார் பெயரும் அதில் இருக்கக்கூடும்.